கடைவாய்ப் பல்லுக்கு ஆயுள் உத்தரவாதம்

என் ஆயுளின் விலை பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய். அதிலும் பேரம் பேசி எழுநூறு குறைத்தேன். குறைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வேறு தொழில்காரன் இப்படிச் செய்திருக்க மாட்டான். வாத்தியாராக இருந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நொந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். நான் ஈரோட்டில் பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவன். பெயர் அர்த்தநாரி, வயது ஐம்பத்தேழு. என் அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். தோளில் கிடக்கும் துண்டை இரண்டு பேர் கைக்கும் மேலே போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்தே விலையை முடிப்பவர். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்றே தெரியாது. மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, எத்தனை வயது, இன்னும் எத்தனை வருடம் உழும் என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டில் பிறந்தவனுக்கு விலைப்பட்டியல் என்பது எதிராளி சொல்லும் வணக்கம் மாதிரி. பதிலுக்கு நாமும் வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வாரமாகக் குடைந்தது. கிராம்பை வைத்துப் பார்த்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், பல்லே இல்லாதவன் போல வலது பக்கமாகவே தின்று பார்த்தேன்.

"வலிகிட்டப் பேரம் பேசிட்டு இருக்காதீங்க. போய்க் காட்டிட்டு வாங்க," என்றாள் என் மனைவி கோகிலவாணி.

போனேன். பைபாஸ் பக்கம் புதிதாக வந்த பல் ஆஸ்பத்திரி. வாசலில் ஆள் கிடையாது, ஒரு மெஷின்தான். நம் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறார்களே நலவாழ்வு எண், அதைத் தட்டினால் கதவு திறக்கும். மெஷினுக்கு மேலே ஒரு பலகை: முதல் முறை வரும் பெண்களுக்கு எக்ஸ்ரே இலவசம். எக்ஸ்ரேக்கு அறுநூறு ரூபாய். கோகிலாவின் எண் எனக்கு மனப்பாடம். பல் யாருடையதாக இருந்தால் என்ன, பணம் போவது ஒரே பையிலிருந்துதானே? அவள் எண்ணைத் தட்டினேன். கதவு திறந்தது. ஆணா பெண்ணா என்று பார்க்க அங்கே யாருமில்லை. உள்ளே டாக்டருக்கு முன்னால் இருந்த திரையிலும் பெயர் வரவில்லை, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும்தான். அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம். அறுநூறு ரூபாய் மிச்சமானதில் பல்வலியே கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

டாக்டர் பெயர் யாழினி. முப்பது வயது இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வேர் சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்.

"பண்ணுனா எத்தனை வருஷம் நிக்கும் டாக்டரம்மா?" மாட்டுத் தரகர் பையன் வேறென்ன கேட்பான்?

"பழைய முறைன்னா வேரைச் சுத்தம் பண்ணி, ரப்பர் மாதிரி ஒண்ணை அடைச்சு, மேல தொப்பி போடுவோம் சார். சிலருக்குப் பத்து வருஷம் நிக்கும், சிலருக்கு இருபது. வேர்ல விரிசல் விட்டா மூணே வருஷத்துல போனாலும் போயிடும். இப்ப நாங்க உள்ள விடறது உயிருள்ள நூல். அதுவே வளந்து வேரைப் பிடிச்சுக்கும். அப்பப்ப வந்து அதுக்குத் தீனி குடுத்துட்டுப் போனீங்கன்னா பல்லு விழாது."

"விழாதுன்னா?"

"நீங்க இருக்கற வரைக்கும் இருக்கும்."

சிகிச்சைக்குப் பதினைந்தாயிரம். அதற்குப் பிறகு நூலைப் பராமரிக்க உத்தரவாதம் தனியாக வாங்க வேண்டும். திரையில் மூன்று விலை வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒன்பதாயிரம். பத்து வருடத்துக்குப் பதினாறாயிரம். ஆயுள் முழுக்க என்றால் பதினோராயிரத்து எண்ணூறு.

மூன்றாவதை இரண்டு முறை படித்தேன். பத்து வருடத்தைவிட ஆயுள் மலிவு! மெஷின் எங்கோ உளறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். தப்பு விலை எழுதியவனுக்குத் தப்பை எடுத்துச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. ஆனாலும் கேட்டதும் சரி என்றால் விற்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"பத்தாயிரம்னு முடிச்சுக்கலாமுங்க," என்றேன்.

டாக்டர் ஏதோ தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினோராயிரத்து நூறு. அதுக்குக் கீழ எனக்கு அதிகாரம் இல்லைங்க சார்."

விற்கிறவன் கண்ணைப் பார்க்காமல் விலையைக் குறைத்தால் சரக்கில் கோளாறு என்று அர்த்தம். இது பதினான்கு வயதிலேயே எனக்குத் தெரியும். அன்றைக்குச் சரக்கு நான்தான் என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் டிராக்டர் யார்டில் என் கூட்டாளி ஞானவேலிடம் ரசீதைக் காட்டினேன். அவன் கோகிலாவின் தம்பி. தொழிலில் பாதி அவனுடையது.

"ஏனுங்க மாமா, பத்து வருஷத்துக்குப் பதினாறு, ஆயுசுக்கும் சேத்துப் பதினொண்ணா? கம்பெனிக்காரனுக்கு மண்டை குழம்பிப் போச்சா?"

"பேசற விதத்துல பேசோணும் மாப்ள," என்றேன். ஏர் ஓட்டுகிறவன், லோன் வாங்க வந்தவன், டீ கொண்டுவந்தவன் எல்லோருக்கும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் கோகிலாவுக்கும் ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எண்ணில் இலவச எக்ஸ்ரே தீர்ந்துவிட்டது. என் எண் இன்னும் புதுசு. புது எண்ணுக்குப் பல் சுத்தம் செய்வது இலவசம் என்று இன்னொரு பலகை சொன்னது. ஆகவே என் எண்ணைத் தட்டினேன்.

"அடுத்தவன் எண்ணுல பல்லு புடுங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் கோகிலா.

"அடுத்தவனா? புருஷன்."

உள்ளே விலை வந்தது. ஐந்து வருடம், பத்து வருடம் இரண்டும் அதே விலை. ஆயுளுக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஒரே வீடு, ஒரே மாதிரி பல்லு, ஒரே கடை. மூணு வாரத்துல மூணு மடங்கா? இதெல்லாம் வேண்டாமுங்க டாக்டரம்மா. என்ற விலைக்கே இவளுக்கும் போட்டுக் குடுத்துருங்க."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "சார், அப்படிக் கேக்காதீங்க."

"ஏன் கேக்கக் கூடாது? விலைன்னா கேக்கறதுதான்."

"அந்த விலைக்கு இவங்களுக்குக் கேக்காதீங்க சார். தயவு பண்ணி."

நான் இன்னும் ஐந்நூறு ஏற்றிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோகிலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "வாங்க, போலாம்," என்றாள். அந்தக் குரலில்தான் எனக்கு உறைத்தது.

"டாக்டரம்மா, ஆயுள்னா எத்தனை வருஷம்னு கம்பெனிக்குத் தெரியுமா?"

"வருஷத்தைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் சார்." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "விலையைச் சொல்லாம விக்கக் கூடாதுன்னும் சட்டம். கம்பெனி என்ன பண்ணும்? பல்லு எத்தனை நாளைக்குத் தேவைப்படும்னு அதுவா ஒரு கணக்குப் போட்டு விலையை மட்டும் அனுப்புது. ஜனங்க யாரும் கழிச்சுப் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க."

ஈரோட்டில் கழித்துப் பார்க்காமல் இருப்பார்களா? முதல் ஐந்து வருடம் ஒன்பதாயிரம். அடுத்த ஐந்துக்கு ஏழாயிரம், அதாவது வருடத்துக்கு ஆயிரத்து நானூறு. பதினோராயிரத்து எண்ணூறு என்றால் ஐந்துக்கு மேல் இரண்டு. ஆக ஏழு வருடம். அதில் அரை வருடத்தை நானே பேரம் பேசிக் குறைத்திருந்தேன்.

கோகிலாவுக்கு அதே கணக்கில் இருபத்தாறு வந்தது.

வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே என் ஆயுளைச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா மாட்டுக்குப் பார்த்ததை இவர்கள் எக்ஸ்ரே வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. காரில் வரும்போது கோகிலா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் போன பிறகு பத்தொன்பது வருடம் தனியாக இருக்க வேண்டுமே!

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் செத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை இவ்வளவு சிறப்பாக யாரும் செய்திருக்க முடியாது. உயில் எழுதினேன். பிடிக்காமல் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். சர்க்கரையை விட்டேன். திருச்செங்கோட்டு மலைப்படி முழுக்க ஏறிவிட்டு, இறங்கும்போது ஜீப் பிடித்தேன். எந்த டிராக்டரின் எஞ்சின் எண் மாற்றியது, எவனுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் கோகிலாவுக்குப் பாடம் எடுத்தேன். அவள் மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டாள். சில நாள் பேச்சை நடுவில் நிறுத்தி, என் குரல் தழுதழுக்கிறதா என்று நானே கவனித்துப் பார்த்தேன். தழுதழுத்தது.

இதற்குள் என் வாய் செய்த வேலை ஊரில் பரவிவிட்டது. பல்லே கெடாதவனெல்லாம் விலை கேட்க வந்து நின்றான். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் பல் விலைச் சீட்டையும் கேட்டார்கள். ஐம்பத்திரண்டாயிரம் விலை வந்த ஒரு மஞ்சள் மண்டிக்காரர் அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார். ஒன்பதாயிரத்து நானூறு வந்த ஒரு மளிகைக்காரரை அவருடைய மகன்கள் திடீரென்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் அதற்குப் பயந்தே பாதி இளைத்துவிட்டார். சரக்கு கொடுக்கிறவர்கள் அவரிடம் ரொக்கம் மட்டும்தான் வாங்கினார்கள். போன வருடம்வரை அவர் வாக்குக்கு லாரி லாரியாகப் பருப்பு இறக்கியவர்கள்.

என் பக்கம் ஞானவேல் ஒரு நாள் அல்வாவோடு வந்தான். அல்வாவுக்கு அடியில் பத்திரம் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க மாமா. யார்டை இப்பவே ரெண்டாப் பிரிச்சு எழுதிட்டா பின்னால அக்காவுக்குச் சிரமம் இருக்காது பாருங்க."

"எனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்குது மாப்ள."

"இருக்குதுங்க, இல்லீன்னு சொல்லல. வண்டி நல்லா ஓடறப்பவே வித்தாத்தான் விலைன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

என் பாட்டையே எனக்குப் பாடிக் காட்டினான். சண்டை போட முடியவில்லை. சர்க்கரையை விட்டிருந்தேன், ஆனால் அல்வாவைத் தின்றேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய வாரத்தில் ஒரு தகவல் வந்தது: இடது கீழ்க் கடைவாய்ப் பல் நூலுக்குத் தீனி கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. வந்தது கோகிலாவின் போனுக்கு. அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சாகப்போறவன் பல்லுதான், ஆனா தகவலை அவனுக்கு அனுப்புங்க," என்றேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "சார், முதல் நாள் வந்தப்ப வாசல்ல யாரோட எண்ணைத் தட்டினீங்க?"

எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பல் சுத்தம் பண்ண அவங்களைக் கூட்டிட்டு வந்தப்ப?"

"என்ற எண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பல்லைப் பாத்து யாருக்குங்க ஆயுசு தெரியும்? கம்பெனி பல்லையே பாக்கறதில்ல. அந்த எண்ணுல இருக்கற ரத்த டெஸ்ட், ஸ்கேன், பதினஞ்சு வருஷத்து ரிப்போர்ட்டு எல்லாத்தையும் எடுத்துக் கணக்குப் போடுது. முப்பத்தெட்டாயிரத்து நானூறுதான் உங்க விலை."

இருபத்தாறு வருடம்! அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் எத்தனை டிராக்டர் வாங்கினேன், எத்தனை விற்றேன்! மனசுக்குள்ளேயே ஞானவேலின் பத்திரத்தை நாலாகக் கிழித்தேன். அல்வாக் கடைக்கும் அப்படியே போய்வந்தேன். டாக்டர் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. சிவப்பு விநாடி முள் ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் முள் பன்னிரண்டைத் தாண்டியது.

"டாக்டரம்மா, அப்படின்னா அந்தப் பதினொண்ணு..."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விலையை ஏத்துங்க," என்றேன்.

"சார்?"

"அந்த விலையை ஏத்திப் போடுங்க. பதினஞ்சாயிரம் வாங்கிக்குங்க. சரி, இருபது. எழுநூறு குறைச்சேனே, அதை மொதல்ல திருப்பி எழுதுங்க. முப்பத்தெட்டே போட்டுருங்க. அம்பதுன்னா அம்பது. உங்களுக்கு அதிகாரம் இல்லீன்னா யாருகிட்டப் பேசோணும், சொல்லுங்க."

நாற்பது வருடத் தொழிலில் விலையை ஏற்றச் சொல்லி நான் கெஞ்சியது அன்று ஒரு நாள்தான். எனக்கு ஏழு வருடம் என்று நினைத்திருந்த எட்டு மாதத்தில், ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க எவ்வளவு குடுத்தாலும் ரசீதுதான் சார் மாறும்," என்றார் டாக்டர் மெதுவாக. "ஆனா இது மெஷின் போட்ட சராசரி. வைத்தியம் பாத்து இதைத் தாண்டி ரொம்ப வருஷம் இருக்கறவங்க இருக்காங்க. என்ன கோளாறுன்னு நான் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போய் அவங்களைக் கேளுங்க."

கோகிலா சமையலறை மேடையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். மெஷின்ல நீங்க உங்க எண்ணைத் தட்டறதைப் பக்கத்துல நின்னு பாத்தவ நானு. எக்ஸ்ரே மிச்சம், கோகிலா எண்ணுல போட்டேன்னு நீங்க ஊருக்கெல்லாம் சொன்னதையும் கேட்டவ நானு. வெலை ரெண்டையும் கேட்டதும் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னைக்கு ராத்திரி நீங்க இனிப்பு வேண்டாம்னீங்க. அடுத்த நாள் நேரத்துல வந்து கூட உக்காந்து சாப்பிட்டீங்க. முப்பது வருஷத்துல நான் பேசறப்ப போனைக் கீழ வெச்சது இந்த எட்டு மாசந்தான். அது சாகப்போற மனுசனோட பழக்கம். உங்களுக்கு ஆயுசு கெட்டின்னு சொன்னா மறுபடி போனை எடுத்துருவீங்க."

"உனக்கு என்ன?"

"கிட்னிங்க. மூணு வருஷமா. ஆறு மாசத்துக்கு ஒருக்காத் தனியாப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு வந்து பேரம் பேசுவீங்க. பெரிய டாக்டரு முன்னால எனக்கு மானம் போயிரும்."

நான் அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு வந்திருந்தேன்.

கதவுக் கொக்கியில் என் துண்டு தொங்கிற்று. எடுத்தேன். அவள் வலது கையைப் பிடித்து, இரண்டு கைக்கும் மேலே துண்டைப் போர்த்தினேன்.

"அட, என்னை என்ன மாடுன்னு நெனைச்சீங்களா?" என்று சிரித்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. அவளும் சந்தைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள்தான்.

துண்டுக்குள் அவள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டு மறுபடி ஐந்து. மறுபடி ஐந்து. அவள் தலையை ஆட்டினாள். என் கையைத் திருப்பி ஐந்து விரலைப் பிடித்தாள், பிறகு இரண்டை மட்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுக் கொடுக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் கை கொத்தவரங்காய் வாசனையாக இருந்தது, ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. கடைசியில் ஓர் இடத்தில் இரண்டு கையும் நின்றன.

எத்தனையில் முடிந்தது என்று கேட்காதீர்கள். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

எண்ணை மாற்றிக் கொடுத்ததற்காகக் கம்பெனி என் உத்தரவாதத்தை ரத்து செய்துவிட்டது. ஞானவேல் பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுவது இப்போது அவன்தான். ஏழு என்பது யாருடையது என்று அவனிடம் சொன்னபோது, யார்டு ஓரத்தில் ஒரு பழைய டிரெய்லருக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறப்பதில்லை. கோகிலாவின் உத்தரவு.

கணக்கை முடித்துவிடுகிறேன். எக்ஸ்ரேயில் வரவு, அறுநூறு ரூபாய். கோகிலா பெயரில் கம்பெனி எழுதியது ஏழு வருடம். அதில் என் சாவுக்காக நான் வீணடித்தது எட்டு மாதம். அது வீண் இல்லை, வரவு என்று கோகிலா சாதிக்கிறாள். இன்றோடு போனது இரண்டு வருடம், மூன்று மாதம். மீதி, கம்பெனி கணக்குப்படி நான்கு வருடம், ஒன்பது மாதம். துண்டுக் கணக்கு வேறு. அது நடப்பில் இருக்கிறது.

பல் டாக்டர் அறையில் சிவப்பு முள் ஒரு சுற்று வரும்வரை நான் சந்தோஷமாக இருந்தேனே, அந்த ஒரு நிமிடம் கோகிலாவிடமிருந்து நான் எடுத்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அது மட்டும் பாக்கி.